வெளுத்துப்போன பழைய லெதர் கோட்டுக்கு வீட்டிலேயே சாயம் ஏற்றிய கதை

பெங்களூரு சண்டே பஜாரில் பேரம் பேசி ஆயிரத்து இருநூறு ரூபாய்க்கு வாங்கிய கோட் இது. தொடை வரைக்கும் நீளம், அடர் பிரவுன், தையல் எங்கேயும் விடவில்லை, ஜிப், பட்டன், லைனிங் எல்லாம் முழுசாக இருந்தன. குறை நிறத்தில்தான். தோள்பட்டை, காலர் மடிப்பு, கைமுட்டி, பாக்கெட் வாய் எல்லாம் வெளுத்து ஒரு மாதிரி செங்காவியாகிவிட்டது, காலருக்கு அடியிலும் அக்குளிலும் மட்டும் பழைய பிரவுன் அப்படியே இருந்தது. நான் இருப்பது குன்னூரில், வருஷத்தில் பாதி நாள் கோட் வேண்டும். இந்தத் தரத்தில் புதுசு வாங்கப் போனால் பத்தாயிரத்துக்குக் கீழே பேச்சே கிடையாது. நிறம்தானே, நாமே ஏற்றிக்கொள்ளலாம் என்று எடுத்துவிட்டேன்.

இதே மாதிரி செய்ய நினைக்கிறவர்களுக்கு முதலிலேயே ஒன்று: சாயம் பூசுவது இந்த வேலையில் கால்வாசிகூட இல்லை. பழைய மேல்பூச்சை எடுப்பதில்தான் முக்கால்வாசி நேரமும் முதுகுவலியும். அதைச் செய்யாமல் நேரே சாயத்தைத் தடவினால் வெளுத்த இடம் குடித்துவிடும், வெளுக்காத இடம் குடிக்காது, கடைசியில் முன்பைவிட மோசமான திட்டுத் திட்டான கோட்தான் மிஞ்சும்.

ஏன் அப்படி என்பதற்குத் தொழிற்சாலையில் கோட் தோலுக்கு எப்படி நிறம் வருகிறது என்று கொஞ்சம் தெரிய வேண்டும். பெரும்பாலும் இது குரோம், அதாவது குரோமியம் உப்பு போட்டுப் பதனிட்ட தோல். பெரிய டிரம்மில் போட்டு உருட்டும்போதே சாயம் உள்ளே இறங்கிவிடும், கூடவே தோல் மெத்தென்று இருக்க எண்ணெயும் ஏற்றுவார்கள். காய்ந்த பிறகு மேலே பிக்மென்ட் என்கிற நிறத்தூளையும் அதை ஒட்டவைக்கும் பைண்டரையும் கலந்து ஸ்பிரே செய்வார்கள், அதற்கும் மேலே பாதுகாப்புக்கு லாக்கர் பூச்சு. பார்க்கிற நிறத்தில் ஒரு பங்கு தோலுக்குள் இருக்கும் சாயம், இன்னொரு பங்கு மேலே உட்கார்ந்திருக்கும் மெல்லிய படலம். உராய்கிற இடத்தில் படலம் தேய்ந்து போகிறது, அங்கே வெயில் நேராக உள்ளே இருக்கும் சாயத்தைத் தின்கிறது. தோள்பட்டை முதலில் வெளுப்பது அதனால்தான்.

அதனால் முதல் சோதனை தண்ணீர். விரலால் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தேன். பாக்கெட் மூடிமேல் வைத்தது முத்தாக நின்றது, துடைத்தால் தடமே இல்லை. தோளில் வைத்தது கொஞ்ச நேரத்தில் உள்ளே போய்க் கருந்திட்டு விழுந்தது. ஒரே கோட்டில் இரண்டு விதமான தோல் இருக்கிற மாதிரி. இரண்டையும் ஒரே நிலைக்குக் கொண்டுவருவதுதான் பிறகு செய்த எல்லாமே.

இன்னொரு சோதனை, இது வாங்குவதற்கு முன்பே செய்ய வேண்டியது: கீழ் மடிப்பில் லைனிங்கைக் கொஞ்சம் விலக்கித் தோலின் பின்பக்கத்தைப் பாருங்கள். நார் நாராக இருந்தால் தோல். நெய்த துணியோ வலையோ தெரிந்தால் அது ரெக்சின் வகை, செதில் செதிலாக உரியும், அதற்கு எந்தச் சாயமும் உதவாது, காசு கொடுக்காதீர்கள். முன்பக்கத்தில் மயிர்க்கால் துளைகளைப் பார்த்தால் எந்த விலங்கு என்றும் ஓரளவு தெரியும். மாட்டுத் தோலில் துளைகள் சீராகப் பரவியிருக்கும், வெள்ளாட்டில் சின்னச் சின்ன வரிசைகளாக வரும். என்னுடையது வெள்ளாடு. கனமில்லை, ஆனால் உறுதி. செம்மறியாக இருந்திருந்தால் அசிட்டோன் போட்டுத் தேய்க்கத் தயங்கியிருப்பேன், அதன் மேல்தோல் அவ்வளவு தளர்வு, அழுத்தினால் உரிந்து வரும்.

சாமான் எல்லாம் சென்னை பெரியமேட்டில் வாங்கினேன். தோல், ஷூ சாமான், கெமிக்கல் என்று அந்தத் தெருக்களில் கிடைக்காதது கிடையாது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை எங்கே பதனிட்டாலும் வியாபாரத்துக்கு ஒரு கால் பெரியமேட்டில் இருக்கும். ஷூ பாலிஷைத் தவிர வேறு எதையும் யோசிக்காதவர்கள் ஒரு தடவை அந்தக் கடைகளில் ஏறி இறங்கினால் நல்லது.

“பாய், கோட்டுக்குப் பிரவுன் சாயம் வேணும், தண்ணில கலக்கறது இல்ல, ஸ்பிரிட்ல கலக்கறது” என்றதும் கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி, “மேல லாக்கர் இருக்கா, எடுத்துட்டீங்களா தம்பி?” சரியான கடைக்குத்தான் வந்திருக்கிறோம் என்று தெரிந்துவிட்டது. கோட்டை ஒரு பையில் போட்டுக் கையோடு கொண்டுபோயிருந்தேன். காலருக்கு அடியில் புரட்டிப் பார்த்துவிட்டு, “சிவப்பு அடிக்குது பாருங்க, வெறும் பிரவுன் போட்டா இன்னும் சிவக்கும், துளி பச்சை சேத்துக்குங்க” என்றார். சிவப்பை அடக்கப் பச்சை. படம் வரைகிறவர்களுக்குத் தெரிந்த கணக்குதான், கோட்டுக்கு எனக்குத் தோன்றியிருக்காது.

அங்கே சாயம் பவுடராகச் சில்லறையிலும் கிடைக்கும், விலையும் குறைவு. நான் லேபிள் ஒட்டிய பாட்டிலில் வரும் திரவச் சாயத்தையே எடுத்தேன். 1994இல் ஜெர்மனி சில அசோ சாயங்களைத் தடை செய்தபோது நம் ஊர்த் தோல் ஏற்றுமதியே ஆட்டம் கண்டது. அந்தச் சாயங்கள் உடைந்தால் அமின் என்கிற வேதிப்பொருள்களில் சில வகை வெளிவரும் என்பதுதான் காரணம், அவற்றில் சில புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை. கழுத்தில் உரசி வியர்வையில் நனையப்போகிற பொருளுக்கு என்ன போடுகிறோம் என்று தெரிய வேண்டாமா. வெளிநாட்டுச் சரக்குதான் வேண்டும் என்பவர்களுக்கு அமெரிக்காவின் ஃபீபிங்ஸ் இணையத்தில் கிடைக்கும், 1895இலிருந்து இருக்கும் கம்பெனி. நல்ல சாயம்தான், ஆனால் சின்னப் பாட்டில், ஒரு முழுக் கோட்டுக்கு வாங்கினால் கோட்டின் விலையைத் தாண்டிவிடும்.

சாயத்தோடு வாங்கியவை: அதை நீர்க்கவைக்க ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், லாக்கர் எடுக்க அசிட்டோன், நீர் கலக்கும் அக்ரிலிக் டாப் கோட் (கடைசியாக மேலே போடும் பாதுகாப்புப் பூச்சு), கொஞ்சம் நீட்ஸ்ஃபுட் ஆயில். கடைசியாகச் சொன்னது மாட்டின் காலெலும்பிலிருந்து எடுக்கிற எண்ணெய். ஹார்டுவேர் கடைத் தின்னரை வாங்காதீர்கள், அதில் டொலுயின் போன்றவை கலந்திருக்கும், வாடை தலையைப் பிளக்கும், தோலையும் வறட்டும். நகப்பூச்சு நீக்கியும் வேண்டாம், அசிட்டோன் இருந்தாலும் எண்ணெயும் வாசனையும் சேர்த்திருப்பார்கள், அந்த எண்ணெய் தங்கிய இடத்தில் சாயம் பிடிக்காது.

முதலில் சுத்தம். குழந்தை ஷாம்பூ சில சொட்டு, ஒரு குவளை தண்ணீர், பிழிந்த துணி, அவ்வளவுதான். துணி சோப்பும் சோடாவும் கூடாது. தோல் அமிலப் பக்கம் இருக்கிற பொருள், பிஎச் நான்கு சொச்சம். காரம் பட்டால் விறைத்துப்போகும். காலர் உள்பக்கம் மட்டும் எண்ணெய்ப் பிசுக்கு ஏறி மினுமினுப்பாக இருந்தது, வருஷக்கணக்கான தலைமுடி எண்ணெய், அதை ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் திரும்பத் திரும்ப எடுத்தேன். பஞ்சு மஞ்சளாக வருவது நின்ற பிறகுதான் விட்டேன்.

லைனிங்கைக் காப்பாற்றுவது அடுத்த கவலை. இங்கே ஒரு ஆபத்து இருக்கிறது, பலர் சொல்வதில்லை. பழைய கோட்டுகளின் பளபள லைனிங் சில சமயம் அசிட்டேட் துணி, அது அசிட்டோன் பட்டால் கரைந்தே போய்விடும். உள் தையல் ஓரத்தில் லைனிங் துணியிலிருந்தே இரண்டு நூல் உருவி அசிட்டோனில் போட்டுப் பாருங்கள். பிசினாகிவிட்டால் லைனிங்கைப் பிரித்து எடுக்காமல் வேலையைத் தொடக்கூடாது. என்னுடையதில் நூல் அப்படியே இருந்தது, பாலியெஸ்டர். இருந்தாலும் கைக்குள்ளும் உடலுக்குள்ளும் பிளாஸ்டிக் கவரைச் செருகி, ஓரம் முழுக்க மாஸ்கிங் டேப் ஒட்டினேன். பட்டன்களை அறுத்து எடுத்துவிட்டேன், சில வகைப் பிளாஸ்டிக் பட்டனும் அசிட்டோனில் கரையும்.

மேல்பூச்சு எடுப்பது. மொட்டை மாடியில், அடுப்போ விளக்கோ பக்கத்தில் இல்லாமல். அசிட்டோன் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தவழ்ந்து போய் எங்கோ இருக்கிற நெருப்பைப் பிடிக்கும். சமையலறையில் செய்கிற யோசனை யாருக்காவது இருந்தால் இந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். சாதாரண முகக்கவசம், என்95 உட்பட, ஆவியைத் தடுக்காது, கரைப்பான் ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் உள்ள மாஸ்க் வேண்டும். மெல்லிய நீல நைட்ரைல் கையுறை அசிட்டோனில் சீக்கிரம் நெகிழும், தடித்த ரப்பர் கையுறை தேவலை, அதையும் அவ்வப்போது மாற்றிக்கொள்ள வேண்டும்.

வெள்ளைப் பருத்தித் துணியை நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து, ஒரு துண்டம் ஒரு துண்டமாக, அதாவது ஒரு தையலிலிருந்து அடுத்த தையல் வரைக்கும் தேய்க்க வேண்டும். லாக்கர் கரைகிறது என்பது கையிலேயே தெரியும். முதலில் வழுக்கும், அப்புறம் லேசாக ஒட்டும், கடைசியில் துணி பிடித்து இழுக்கிற மாதிரி வறண்ட உணர்வு வரும். துணியில் பிரவுன் ஏறிக்கொண்டே இருக்கும், பயப்படக்கூடாது, அது மேலே இருந்த பிக்மென்ட். வெளுத்த தோளில் கொஞ்சம் தேய்த்தால் போதும், அங்கே எடுக்க எதுவும் மிச்சமில்லை. பாக்கெட் மூடி, முதுகின் கீழ்ப்பகுதி, அக்குள் இங்கெல்லாம்தான் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. பார்க்க நன்றாக இருக்கிற இடத்தைப் போட்டுத் தேய்க்க மனசு வராது, ஆனால் தேய்க்க வேண்டியது அதைத்தான். ஒவ்வொரு துண்டத்திலும் காய்ந்த பிறகு திரும்பவும் தண்ணீர்ச் சொட்டு. எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் உள்ளே போகிறது என்று ஆனபோதுதான் நிறுத்தினேன்.

சில கோட்டுகளில் மேல்பூச்சு குறுக்கிணைப்பு செய்த, அதாவது மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்த பாலியூரித்தேன் பிளாஸ்டிக்காக இருக்கும். அது அசிட்டோனில் கரையாது, உப்பிக்கொள்ளும், அவ்வளவுதான். அப்படி இருந்தால் இந்த வழி வேண்டாம். மெல்லிய உப்புத்தாளால் லேசாகச் சொரசொரப்பாக்கிவிட்டு, பிக்மென்ட்டும் பைண்டரும் கலந்து மேலே பூசுவதுதான் வழி. பார்க்கக் கொஞ்சம் பெயிண்ட் அடித்த மாதிரி இருக்கும், வேறு வழியில்லை.

இப்போது சாயம். எப்போதும் இருட்டாக்கத்தான் முடியும், வெளிற வைக்க முடியாது, அதனால் கோட்டில் இருக்கிற மிக அடர்ந்த இடத்தைவிட ஒரு படி அடர்த்தியான நிறத்தைத்தான் குறி வைக்க வேண்டும். கீழ் மடிப்பின் உள்பக்கத்தில் சோதித்தேன்: வெறும் பிரவுன், பிரவுனில் துளி பச்சை, பிரவுனில் பச்சையும் கொஞ்சம் கறுப்பும். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்ததும் சப்பென்று வேறு நிறம், டாப் கோட் ஏறியதும் திரும்ப ஈர நிறத்துக்குப் பக்கத்தில் வரும். அதனால் காய்ந்த சோதனைத் திட்டின் மேல் கொஞ்சம் டாப் கோட்டையும் தடவிப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பாய் சொன்னதே சரி, பச்சை சேர்த்ததில்தான் சிவப்பு அடங்கியது. கறுப்பை விட்டுவிட்டேன், அது பிரவுனைச் சாக்கடை நிறமாக்கியது.

முழுக் கறுப்பு ஆக்க நினைக்கிறவர்களுக்கு ஒரு பழைய தொழில் வித்தை உண்டு. முதலில் கருநீலம் ஏற்றி அதன் மேல் கறுப்பு. நேரே பிரவுனில் கறுப்பு போட்டால் வெயிலில் செம்பழுப்பு எட்டிப்பார்க்கும், நீலம் அடியில் இருந்தால் அது அமுங்கிவிடும்.

முதல் பூச்சு பாதிக்குப் பாதி ஆல்கஹால் கலந்து, வெளுத்த இடங்களுக்கு மட்டும். தோள், முட்டி, காலர் மடிப்பு, பாக்கெட் வாய். ஓரத்தைக் கோடாக விடாமல், ஈரமாக இருக்கும்போதே வெறும் ஆல்கஹால் நனைத்த துணியால் வெளிப்பக்கம் இழுத்து மறைத்துவிட வேண்டும். அது காய்ந்த பிறகுதான் முழுக் கோட்டுக்கும் பூச்சு. கம்பளி உருண்டை வைத்த குச்சியைவிடப் பழைய பனியன் துணிக்குள் பஞ்சை வைத்துக் கட்டிய பொட்டலம் எனக்கு வசதியாக இருந்தது. வட்டம் வட்டமாக, நிறுத்தாமல், தையலில் தொடங்கித் தையலில் முடித்தால் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய கோடு தெரியாது. ஒரு துண்டத்தின் நடுவில் போன் அடித்தால் எடுக்காதீர்கள். முதுகு ஒரே பெரிய துண்டமாக இருக்கிற கோட்டுக்கு இன்னொரு ஆள் வேண்டும், ஒருவர் பிடித்துத் திருப்ப, ஒருவர் பூச. எனக்குத் தம்பி பிடித்தான், அவன் கட்டைவிரல் ஒரு வாரத்துக்குப் பிரவுன்.

அடர்த்தியாக ஒரு பூச்சு போட்டு முடித்துவிடலாம் என்று ஆசை வரும். அதிகமாக ஏறிய சாயம் உள்ளே போகாமல் மேலே தங்கி, காய்ந்ததும் வெண்கலம் மாதிரி ஒரு பச்சைப் பளபளப்பு காட்டும், தொட்டால் கையில் வரும். மெல்லிய பூச்சுகளாகப் போட்டு, ஒவ்வொன்றையும் நிழலில் காயவிட்டு, காய்ந்த துணியால் அழுத்தித் துடைத்த பிறகே அடுத்தது. வெயிலில் வைப்பதும் ஹேர் டிரையர் காட்டுவதும் தோலை இறுக்கிவிடும்.

தையல் நூல் மட்டும் நிறம் ஏற்கவே இல்லை, பாலியெஸ்டர் நூல் இந்தச் சாயத்துக்கு அசையாது. வெளிர் பிரவுன் நூல் அடர் பிரவுன் தோலில் எடுப்பாகத் தெரிகிறது. வேண்டுமென்றே போட்ட தையல் மாதிரி இருப்பதால் எனக்குப் பிடித்துவிட்டது.

கடைசிப் பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகு வெள்ளைத் துணிச் சோதனை. உலர்ந்த துணியால் தேய்த்துப் பார்க்க வேண்டும், அப்புறம் ஈரத் துணியால். முதலில் துணி நன்றாகவே பிரவுனானது. ஏறாத சாயம் போகும் வரைக்கும் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும், இதில் அவசரப்பட்டால் பலன் உங்கள் வெள்ளைச் சட்டைக் காலரில் தெரியும்.

அசிட்டோனும் ஆல்கஹாலும் தோலில் இருந்த கொழுப்பையும் கொண்டுபோயிருக்கும், கோட் அட்டை மாதிரி மொடமொடத்தது. நீட்ஸ்ஃபுட் ஆயிலைத் துணியில் தொட்டு, மிக மெல்லியதாக, ஒரு ராத்திரி விட்டு மறுபடி ஒரு தடவை. அதிகம் போனால் தோல் தளர்ந்து தொங்கும், பூஞ்சைக்கும் விருந்து. வீட்டில் இருக்கிற தேங்காய் எண்ணெயைப் போடச் சொல்லி இங்கே எல்லோரும் யோசனை சொல்வார்கள். 24 டிகிரிக்குக் கீழே அது உறையும், குன்னூரில் பெரும்பாலான நாள் பாட்டிலுக்குள் கட்டியாகத்தான் இருக்கிறது, தோலுக்குள்ளும் அதே கதைதான். நல்லெண்ணெய் நாளாக ஆகப் பிசுபிசுத்து வாடையடிக்கும்.

டாப் கோட்டைப் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து ஈர ஸ்பாஞ்சில் தொட்டு ஒரே திசையில் இழுத்தேன். தடிமனாகப் போட்டால் முட்டி மடங்குகிற இடத்தில் வெடிக்கும், மெல்லியதாக இரண்டு முறை போதும். மலை ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டியது குளிர். இந்த அக்ரிலிக் வகை ரொம்பக் குளிரில் படலமாக ஒன்று சேராது, பவுடர் மாதிரி காய்ந்து உதிரும். மூடுபனி இல்லாத நாள் பார்த்து, நடுப்பகலில், வீட்டுக்குள் ஹீட்டர் போட்ட அறையில் செய்தேன். லைனிங்கில் பிரிந்திருந்த ஒரு தையலை டெய்லர் அண்ணன் அடித்துக் கொடுத்தார், பட்டனும் அவரே தைத்தார்.

செலவு, கோட்டைச் சேர்க்காமல் ரெண்டாயிரத்துக்குக் கொஞ்சம் மேலே, அதில் மாஸ்க் கார்ட்ரிட்ஜ்தான் பெரிய பங்கு. நிறம் எப்படி என்றால், தூரத்தில் இருந்து பார்க்கப் புதுசு, கிட்டே வந்தால் தோளில் இன்னும் ஒரு நிழல் வித்தியாசம் இருக்கிறது, அதைத் தேடிப் பார்க்கிறவர்களுக்கு மட்டும் தெரியும். தூறலில் நனைந்து பார்த்தாயிற்று, சட்டையில் எதுவும் ஏறவில்லை. முட்டிக்கும் பாக்கெட் வாய்க்கும் அடுத்த வருஷம் கொஞ்சம் சாயம் தொட்டுவைக்க வேண்டியிருக்கும் என்று நினைக்கிறேன், அதற்காகக் கலந்த சாயத்தில் மீதியைக் கண்ணாடிப் பாட்டிலில் இறுக்கி மூடி, கலவை விகிதத்தை லேபிளில் எழுதி எடுத்துவைத்திருக்கிறேன். மூடி இறுக்கமில்லாத டப்பாவில் ஆல்கஹால் மெல்ல ஆவியாகிவிடும், நிறமும் அதற்கேற்ப அடர்ந்துவிடும்.